முன்தோளும் பின்தோளும்

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் பல வருஷம் ஒரு தூணோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இரும்புத் தூண். ரங்கூனில், போட்டாதாங் ஜெட்டியில், ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு கிட்டங்கியின் வாசலில் நின்றது. கப்பலுக்குப் போகிற மூட்டைகளையும் கப்பலிலிருந்து வருகிற மூட்டைகளையும் எண்ணி எழுதும் டாலி கிளார்க் வேலை என் வீட்டுக்காரருக்கு. அந்த மூட்டைகளைச் சுமக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி என் அண்ணன். நாள் முழுக்க இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பேசாமல் வேலை நடக்காது, பேசவோ மனசில்லை. அண்ணன் தூணைப் பார்த்து, "தூணே, இந்த மூட்டை நனைஞ்சு வந்திருக்கு, எழுதறவர்கிட்ட சொல்லிடு" என்பார். இவரும் தூணைப் பார்த்து, "தூணே, எழுதியாச்சுன்னு சொல்லிடு" என்பார்.

புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, தமிழர்கள் வேலை தொடங்குமுன் தூணுக்குப் பூஜை செய்வார்களா என்று கேட்டாராம். இவர் அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தூண் உண்மையில் நான்தான்.

அண்ணனுக்கும் இவருக்கும் நடுவில் வந்து நின்றவள் நான். இவர் கிறிஸ்தவ வேதக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துப் பேனா பிடித்த குடும்பம். நாங்கள் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவர்கள். இவரை முதல்முதலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்ததே அண்ணன்தான். "என் சிநேகிதன், நல்லாச் சோறு போடு" என்று என்னிடம் சொன்னதும் அவர்தான். நான் நல்லாத்தான் போட்டேன். அது மாதா கோயில் மணியடித்துக் கல்யாணத்தில் போய் முடிந்தபோது, அண்ணன் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இனிமே உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்." அதற்குப் பிறகு என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. இவரிடமாவது பேச ஒரு தூண் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

அம்மா அப்பா இல்லாத என்னை, தாமுவேயில் ஒரு மரவீட்டில், தானே வளர்ந்தும் வளராததுமான வயதில் அண்ணன்தான் வளர்த்தார். என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மழைத் தண்ணீர் நிற்கும் தெருவில் நடப்பார். அதனால் அவர் பேசாமலிருந்தது எனக்கு ஒரு சண்டையாகத் தெரியவில்லை. கையொன்று வேலை செய்யாமல் போனது போலத்தான் இருந்தது.

இனி சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போட்டாதாங்கில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஓட்டுக்கூரை போட்ட நீள மண்டபம், அதற்கொரு பின்னறை. ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, காய்ச்சல் கண்டு, படுக்க இடமில்லாதவர்களுக்கு அந்தப் பின்னறை. சங்கத்தில் இரண்டு பக்கம் உண்டு. துறைமுகம், ரயில்வே, முனிசிபாலிட்டி என்று உடம்பால் உழைக்கிறவர்கள் ஜெட்டிப் பக்கம். குமாஸ்தா, வாத்தியார், கம்பவுண்டர் எல்லாம் பேனாப் பக்கம். ஜெட்டிப் பக்கத்தில் பெரும்பாலும் இந்துக்கள், பேனாப் பக்கத்தில் வேதக்காரர்கள் ஜாஸ்தி. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வாரிக்கொண்டே இருக்கும். ஆனால் தேர்தல் என்று வந்துவிட்டால், சங்கத்தை ஆரம்பித்தவர்கள் செய்து வைத்த முறையை யாரும் மீற முடியாது.

அந்த முறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிய மூளை இதை யோசித்திருக்க வேண்டும்!

தலைவரும் உபதலைவரும் தனித்தனியாக நிற்கக் கூடாது. ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். ஒருவர் ஜெட்டிப் பக்கம், ஒருவர் பேனாப் பக்கம். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். அதிசயம் இனிமேல்தான். ஜெட்டிக்காரரைத் தேர்ந்தெடுப்பது பேனாக்காரர்கள். பேனாக்காரரைத் தேர்ந்தெடுப்பது ஜெட்டிக்காரர்கள். நம் பக்கத்தில் நமக்கு வேண்டியவர் யார் என்று நமக்குத் தெரியும், அவர் நல்லவரா என்பது எதிர்ப்பக்கத்துக்குத்தான் தெரியும் என்பது கணக்கு. ஒரே சாயங்காலத்தில் இரண்டு அறையில் இரண்டு கூட்டம் நடக்கும். இந்த அறையில் யார் பெயர் வந்தது என்று அந்த அறைக்குத் தெரியாது. இரண்டு கதவும் திறந்த பிறகுதான் ஜோடி யார் என்பது ஜோடிக்கே தெரியும்.

என் வீட்டுக்காரர் ஆபீசில் கிடைக்கும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து படிப்பார். அந்த வருஷம் அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல். அங்கேயும் பெரியவரும் துணையும் ஜோடியாகத்தான் நிற்கிறார்கள் என்று ஒருநாள் படித்துச் சொன்னார். ஒரு பெரிய கொட்டகையில் ஊரூராக ஆட்கள் வந்து கூடுவார்களாம், கத்துவார்களாம், திரும்பத் திரும்ப ஓட்டுப் போடுவார்களாம். பெரியவர் யார் என்று ஒருவழியாக முடிவான பிறகு, எல்லோரும் களைத்துப்போய் ஊருக்குப் போகிற அவசரத்தில் துணை யார் என்று முடிவு செய்வார்களாம்.

"அவசரத்துல துணை தேடினா விளங்கின மாதிரிதான்" என்றேன்.

"நாம கூட அவசரத்துலதானே" என்றார் அவர். கையிலிருந்த அகப்பையைக் காட்டினேன். பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஜோடி முடிவானதும் ஓட்டு. எங்கள் சங்கத்தில் பெட்டி கிடையாது, கை தூக்குவது கிடையாது. ஜெட்டியில் பெரிய மூட்டைகளை இரண்டு பேராகத்தான் தூக்குவார்கள். ஒரு மூங்கிலில் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், தோளில் வைத்து நடப்பார்கள். தேர்தல் நாளன்று ஒவ்வொரு ஜோடியும் அப்படி ஒரு அரிசி மூட்டையை ஜெட்டியிலிருந்து சங்கம் வரைக்கும் தூக்கி வர வேண்டும். ஒரு ஜோடி ஆற்றோரச் சாலை வழியாக, இன்னொரு ஜோடி சந்தை வழியாக. யார் வேண்டுமோ அவர்களுக்குப் பின்னால் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து நடப்பார்கள். மண்டபத்து வாசலுக்கு வரும்போது யாருக்கு வால் நீளமோ அவர்களே ஜெயித்தவர்கள். அந்த அரிசியைத்தான் அன்று மத்தியானம் எல்லோருக்கும் பொங்கிப் போடுவார்கள், தோற்றவர்களுக்கும் சேர்த்து.

முன்னால் தூக்குகிறவர் தலைவர். பின்னால் தூக்குகிறவர் உபதலைவர். யார் முன், யார் பின் என்பதை ஜோடிதான் முடிவு செய்ய வேண்டும், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முன்னால் போகிறவருக்கு வழி தெரியும். பின்னால் வருகிறவருக்கு மூட்டை மறைக்கும், கீழே இருப்பது தெரியாது. அதனால் முன்னவர் "பள்ளம்!" என்றோ "தண்டவாளம்!" என்றோ குரல் கொடுக்க வேண்டும். பின்னவர் "ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் முன்னவர் நின்றுவிடுவார். பின்னவர் அந்தச் சொல்லைத் தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு. அப்படி ஒரு பள்ளம் வாலின் கடைசி வரைக்கும் போய்ச் சேரும்.

அந்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். யார் ஜெயித்தார்கள் என்று காத்திருந்து தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரும் அண்ணனும்தான் ஜெயித்தார்கள். நான் சொல்ல வந்தது அதை அல்ல.

பர்மாக்காரர்களின் விளக்குத் திருவிழா முடிந்து மழை ஓய்ந்த சமயம். பழைய தலைவர் பேனாப் பக்கத்து ஆள், ஒரு அரிசித் தரகர். காய்ச்சல்காரர்கள் படுக்கிற பின்னறையில் தன் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். காய்ச்சல்காரர்கள் அந்த மழைக்காலம் முழுக்க மண்டபத்துத் தாழ்வாரத்தில் சாரலில் கிடந்தார்கள். பழைய ஜோடி விரும்பினால் மறுபடியும் நிற்கலாம் என்பது விதி. அவர்கள் விரும்பினார்கள். நிற்பதற்கு முன்னாலேயே ஒரு லாஞ்சு பிடித்து ஆட்களைக் கியாக்தானுக்குக் கூட்டிப் போய், ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவைக் காட்டி, மீனுக்குப் பொரி போட வைத்து, ஆட்களுக்குப் பிரியாணியும் போட்டார்கள். மீன்களுக்கு ஓட்டு இருந்திருந்தால் அவரை அசைத்திருக்க முடியாது.

புது ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தன்று பெண்களெல்லாம் பின்தாழ்வாரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கும் நேரம். முதலில் பேனா அறையின் கதவு திறந்தது. ஒரு வாத்தியார் வெளியே வந்து, ஜெட்டிப் பக்கத்திலிருந்து நாங்கள் கேட்கும் ஆள் இவர் என்று சொன்னார். என் அண்ணன் பெயர். ஆட்களின் கூலியில் கை வைக்காத மேஸ்திரி அவர்தான் என்று காரணமும் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? கையிலிருந்த டீத்தட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நின்றேன். அப்போது அடுத்த கதவு திறந்தது. ஜெட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய உடம்புக்காரர் வந்து, பேனாப் பக்கத்திலிருந்து நாங்கள் கேட்பது இவரை என்றார். என் வீட்டுக்காரர் பெயர். "அவரு எழுதினா எழுதினதுதான். எங்க முதுகுல ஏறின மூட்டை ஒண்ணுகூட அவர் பேனாவுல குறையாது" என்றார்.

மண்டபத்தில் முதலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. தூண் கதை ஊருக்கே தெரியும். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அத்தனை ஜனமும் வாயை மூடிக்கொண்டு அந்த இருவரையும் பார்த்தது. யாரும் திட்டமிடவில்லை. இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமல், ஊரே சேர்ந்து என் வாழ்க்கையில் அறுந்துபோன இரண்டு நுனியைப் பிடித்து ஒன்றாக வைத்துவிட்டது.

வைத்துவிட்டது, சரி. முடிச்சுப் போட வேண்டியவர்கள் அவர்களல்லவா? ஜோடியில் ஒருவர் மாட்டேன் என்றால் ஜோடியே இல்லை, பழையவர்கள் போட்டியில்லாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஜெட்டிக்கு வந்து மூங்கிலைத் தொட்டால் சம்மதம். வராவிட்டால் இல்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கே தலையாட்டிவிட்டார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் ஜெட்டியில் இவர் தூணிடம் கேட்டாராம். "தூணே, ஞாயித்துக்கிழமை வருவாரான்னு கேளு." அண்ணன் தூணைப் பார்த்து, "தூணே, எனக்கே தெரியலைன்னு சொல்லு" என்றாராம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தாமுவேக்குப் போனேன். அண்ணி வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் நல்லவர், எங்காவது சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார். அண்ணன் கொல்லையில் விறகு வெட்டிக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் கோடாலிச் சத்தம் பலமாகக் கேட்டது.

"அண்ணி, அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா அந்தப் பின்னறை..." என்று ஆரம்பித்தேன். படார் என்று ஒரு வெட்டு.

"பின்னறை கிடக்கட்டும். அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தை..." இன்னொரு படார்.

அண்ணி என்னைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். "நீ தினம் வந்தீன்னா எங்களுக்கு விறகுக்குப் பஞ்சமே இருக்காது" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

திரும்பும்போது வாசல் மூலையில் ஒரு புது மூங்கில் சாத்தியிருந்ததைப் பார்த்தேன். நல்ல முற்றின மூங்கில். அதன் ஒரு நுனியில் மட்டும் கணுக்களை நன்றாகச் சீவி, வழவழவென்று தேய்த்து, அந்த இடத்தில் பழைய துணியையும் சுற்றியிருந்தது. வருவார்! வரப்போவதால்தானே மூங்கில் சீவி வைத்திருக்கிறார்? தன் தோளுக்கு வாகாகத் தன் பக்கத்தைச் சீவிக்கொண்டார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது, "உங்க அண்ணன்தான் முன்னால தூக்குவார். அவருக்குத்தான் தூக்கத் தெரியும், அவர்தான் தலைவர். நான் பின்னால போறேன், எனக்கென்ன?" என்றார். பேனாவைத் தவிர எதையும் தூக்கியறியாத தோளைத் தடவிக்கொண்டே சொன்னார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பனி விலகாத காலை. எங்கள் வீடு ஆற்றோரச் சாலைக்குத் திரும்பும் சந்தில் மாடியில் இருந்தது. மாடி முகப்பில் நின்றால் ஜெட்டியின் வாசல் தெரியும். கீழ்வீட்டில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் ஒரு பர்மாக்கார அம்மா இருந்தார், அமே என்றுதான் கூப்பிடுவோம். அம்மா என்பதற்கு அவர்கள் பாஷையில் அதுதான். அவரும் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார். எத்தனையோ வருஷம் தமிழர்களுக்கு நடுவில் இருந்து அவருக்கு எங்கள் தமிழும் எங்கள் வம்பும் நன்றாகவே தெரியும்.

இவர் ஜெட்டி வாசலில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். சலவை வேட்டி, அதற்கு மேல் கோட்டு. கோட்டைக் கழற்றச் சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. சுற்றிலும் ஜனங்கள் கொத்துக்கொத்தாக நின்று காத்திருந்தார்கள். பழைய ஜோடி சந்தை வழியாகக் கிளம்பிவிட்டது என்று மேளச் சத்தம் சொன்னது. இங்கே மேளமும் இல்லை, ஆளும் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முருகனையும் கும்பிட்டேன், மாதாவையும் கும்பிட்டேன். யார் முதலில் கேட்டார்களோ தெரியாது.

கூட்டம் விலகியது. அண்ணன் வந்தார். வெற்றுடம்பு, முண்டாசு, தோளில் அந்த மூங்கில். இவர் பக்கம் பார்க்காமல் குனிந்து, மூட்டையின் கயிற்றை மூங்கிலில் கோத்து இழுத்துக் கட்டினார். பிறகு மூங்கிலைச் சுற்றிக்கொண்டு நடந்தார். எல்லோரும் அவர் முன்பக்கம் போவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பின்பக்கம் போய்க் குனிந்து நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீவி வழவழப்பாக்கி, துணி சுற்றிய நுனி முன்பக்கத்தில் இருந்தது. சுமந்தறியாத தோளுக்காகச் செய்தது அது. தன் பக்கத்தில் கணுக்கள் அப்படியே முள்ளுமுள்ளாக நின்றன. விறகை வெட்டி வெட்டிக் கோபத்தைத் தீர்த்துக்கொண்ட அந்தக் கைதான் உட்கார்ந்து இதையும் செதுக்கியிருக்கிறது. ஜெட்டியிலேயே பெரிய சுமைக்காரர், தலைவர் ஆகியிருக்க வேண்டியவர், வழியே தெரியாத பின்பக்கத்தில் போய் நின்றுவிட்டார். இனி சங்கம் வரைக்கும் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும் சொல்லை நம்பித்தான் அவர் கால் எடுத்து வைக்க வேண்டும். கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது, மாடி வரைக்கும் கேட்டது.

இவர் கோட்டைக் கழற்றிக் கீழே போட்டார். குனிந்தார். தூக்கினார்கள்.

கொஞ்ச தூரத்தில் துறைமுகத்து ரயில் தண்டவாளம் சாலையைக் குறுக்கே வெட்டும். இவர் அதற்கு முன்னால் வந்து, தொண்டையைக் கனைத்து, "தண்டவாளம்!" என்றார். அதைச் சொல்லத் தெருவில் தூண் ஒன்றும் இல்லை.

பதில் இல்லை. இவர் நின்றார். மூட்டை இருவருக்கும் நடுவில் ஆடியது. ஆற்றில் ஏதோ ஒரு ஸ்டீமர் ஊதியது. எனக்கு அந்த ஊதலை நிறுத்த வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

"ஆச்சு" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். ஒரு சொல். தூண் இல்லாமல், நேராக, இவர் முதுகைப் பார்த்துச் சொன்ன சொல். ஜனங்கள் கத்தவில்லை. கத்தினால் உடைந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒவ்வொருவராக வந்து பின்னால் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். முன்னால் போனவர்கள் கடந்துபோனதும் சந்துகளிலிருந்தும் கிட்டங்கி நிழல்களிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கியாக்தான் பிரியாணி சாப்பிட்டவர்களும் அதில் இருந்தார்கள். எங்கள் சந்து முனைக்கு வருவதற்குள் வால் ஜெட்டி வாசல் வரைக்கும் நீண்டுவிட்டது.

மாடியிலிருந்து இன்னொன்றையும் பார்த்தேன். இவர் குள்ளம், அண்ணன் நெட்டை. அப்படித் தூக்கினால் மூட்டை சரிந்து சரிந்து குள்ளமானவர் பக்கமே போகும், பாரம் முழுக்க அந்தத் தோளில் இறங்கும். மூட்டை இவர் பக்கம் நகரும்போதெல்லாம் அண்ணன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தார். முன்னால் போகிற இவருக்கு அது தெரியாது. பாரம் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டிருப்பார், அல்லது தனக்கு உண்மையிலேயே பலம் இருப்பதாக நினைத்திருப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரியும்.

சந்து முனை திரும்பினால் எனக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மாடிப்படியில் செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டேன். பெண்கள் வாலில் நடந்ததில்லை. நடக்கக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை, யாரும் அதைப் பற்றி யோசித்ததேயில்லை. நான் நேரே போய் அண்ணன் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டேன். முதல் இடத்தில் வந்துகொண்டிருந்த ஒரு கம்பவுண்டர் என்னைப் பார்த்தார், ஒரு அடி பின்வாங்கி வழி விட்டார். "ஏய், நான் வரேன்" என்று அமேயும் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் நுழைந்துகொண்டார், கையில் மொஹிங்கா அகப்பையோடு.

அண்ணன் முதுகு என் கண்ணுக்கு நேராக இருந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. மூங்கில் கணு உறுத்திய இடம் சிவந்திருந்தது. சின்ன வயதில் நான் உட்கார்ந்து போன தோள் அது. பின்னால் வந்து சேர்ந்தது நான் என்று அவருக்குத் தெரியுமா, ஒற்றைச் செருப்புச் சத்தத்தில் தெரிந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்படியே அவருக்குப் பின்னால் ரங்கூன் முழுக்க நடக்கச் சொன்னாலும் நடந்திருப்பேன்.

சங்கத்துக்கு முன்னால் மழையில் அரித்துப்போன பெரிய பள்ளம் ஒன்று இருந்தது.

"பள்ளம்!" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆச்சு" என்றார் அண்ணன், உடனே. பிறகு முறைப்படி அந்தச் சொல்லைப் பின்னால் வருகிறவருக்குச் சொல்ல வேண்டும். அவர் தலையைக் கொஞ்சம்போல் திருப்பினார். முழுக்கத் திருப்ப மூங்கில் விடாது. குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்கக் கூடாதென்று, அந்தக் காலத்தில் மழைத் தண்ணீரில் என்னைத் தோளிலிருந்து இறக்கிவிடும்போது சொல்கிற மாதிரியே சொன்னார்.

"பள்ளம் இருக்கு. பாத்து வா, பாப்பா."

பள்ளத்தை எப்படித் தாண்டினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குப் பின்னால் வருகிறவருக்கு நான் சொல்ல வேண்டும், அது என் கடமை. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மறுபடி திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் அமே ஒரு காலை முழங்கால் வரைக்கும் பள்ளத்துச் சேற்றில் விட்டுவிட்டார்.

"ஏய், நீ பள்ளம் சொல்லல!" என்று அகப்பையை ஆட்டிக்கொண்டு கத்தினார் அமே. "உன் அண்ணன் சொன்னான், நான் கேட்டேன்! நீ ஏன் சொல்லல? அழுதா பள்ளம் போயிடுமா?"

அண்ணன் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததில் மூங்கில் குலுங்கியது, மூட்டை ஆடியது, முன்னால் என் வீட்டுக்காரர் தள்ளாடினார்.

"சிரிக்காதீங்க மச்சான், தோள் போயிரும்" என்றார் இவர்.

"நீங்க வழியைப் பாருங்க, மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.